நான்கு டெர்மினல் ஸ்பீக்கர்: ஒரு ஒயரா, இரண்டு ஒயரா, இரண்டு ஆம்பா?

ஹை-ஃபை ஸ்பீக்கரின் பின்புறம் நான்கு டெர்மினல்களும், மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைக்கும் இரண்டு பித்தளைத் தகடுகளும் (ஜம்பர்) இருந்தால், வாங்கியவருக்குக் கை சும்மா இருக்காது. நாலு கொடுத்திருக்கிறான், இரண்டை மட்டும் பயன்படுத்துகிறோமே என்று உறுத்தும். கடைக்காரர் இன்னொரு செட் கேபிள் எடுத்துக்காட்டுவார். நண்பர் இன்னொரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கச் சொல்வார். ஏவி ரிசீவரின் மெனுவிலேயே 'பை-ஆம்ப்' என்று ஒரு வரி இருக்கும்.

செலவு செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: பாஸையும் ட்ரெபிளையும் பிரிக்கும் சர்க்யூட்டான கிராஸ்ஓவர் எங்கே இருக்கிறது? ஆம்புக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் வரை, எத்தனை ஒயர் இழுத்தாலும் எத்தனை ஆம்ப் சேர்த்தாலும் கிடைக்கும் மாற்றம் சிறியது. கிராஸ்ஓவர் ஆம்புக்கு முன்னால் வரும்போதுதான் கணக்கு மாறுகிறது.

ஒரே ஜோடி ஒயர்

ஆம்பிலிருந்து ஒரு + ஒரு −, ஸ்பீக்கரில் ஜம்பர் தகடுகள் அப்படியே. பெரும்பாலான வீடுகளில் இதுவே கடைசி வரை போதும். ஆனால் ஒயரின் கனம் சரியாக இருக்க வேண்டும்.

4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் 4 ஓமாக இருப்பதில்லை. எழுதிய மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது ஐஇசி 60268-5 தரத்தின் விதி. அதாவது 3.2 ஓம் வரை இறங்கலாம். பாஸ் ரெசனன்ஸிலும் கிராஸ்ஓவர் பகுதியிலும் 20 ஓம் வரை ஏறலாம். (8 ஓம் என்று ஒட்டிவிட்டு 4-க்குக் கீழே இறங்கும் ஸ்பீக்கர்களும் சந்தையில் தாராளமாக உண்டு. ஸ்பெக் ஷீட்டில் 'மினிமம் இம்பீடன்ஸ்' வரியைத் தேடுங்கள்.) ஒயரின் தடை ஸ்பீக்கரோடு தொடராக நிற்பதால், 3.2 ஓமில் இழப்பு அதிகம், 20 ஓமில் குறைவு. இந்த வித்தியாசம் அப்படியே ஒலியின் அளவில் ஏற்ற இறக்கமாகத் தெரியும்.

5 மீட்டர் தூரத்துக்குப் போக ஐந்து, வர ஐந்து என்று 10 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் இதன் தடை சுமார் 0.07 ஓம். மேலே சொன்ன ஸ்பீக்கரில் ஏற்ற இறக்கம் 0.16 டெசிபெல், காதுக்கு எட்டாது. 1.5 ஸ்கொயர் எம்எம் என்றால் 0.12 ஓம், கால் டெசிபெல் அளவு. இதுவும் பரவாயில்லை. கடையில் ஸ்பீக்கர் ஒயர் என்று கேட்டவுடன் அளந்து வெட்டித் தரும் மெல்லிய 14/38 வேறு கதை. 38-ஆம் கேஜ் இழை பதினான்கு. மொத்தக் குறுக்குப் பரப்பு கால் ஸ்கொயர் எம்எம்தான். அதே 5 மீட்டரில் 0.67 ஓம் வரும். ஏற்ற இறக்கம் 1.3 டெசிபெல்லைத் தாண்டும். இது ஒலியின் குணத்தையே மாற்றிவிடும் அளவு. 40/36 வாங்கினால் 1.17 ஸ்கொயர் எம்எம், 0.15 ஓம். 5 மீட்டர் வரை ஒப்பேற்றலாம்.

மொத்த ஒயர் தடை, ஸ்பீக்கரின் குறைந்தபட்ச ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 3.2 ஓமுக்கு அது 0.16. வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற 2.5 ஸ்கொயர் எம்எம் பல இழைச் செம்பு ஒயரைச் சிவப்பும் கருப்புமாக வாங்கி முறுக்கிவிட்டால் இந்த வேலை முடிந்தது. விறைப்பாக இருக்கும், பார்க்க அழகாக இருக்காது. காதுக்கு அது தெரியாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ இணையத்திலோ 'ஆக்சிஜன் ஃப்ரீ' என்று எழுதிய கொழுத்த கேபிள் சல்லிசாகக் கிடைத்தால், ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. தடை, செம்பைப் போல ஒன்றரை மடங்கு. 2.5 என்று வாங்கியது 1.6 போல நடந்துகொள்ளும். அலுமினிய இழை வளைத்த இடத்தில் சட்டென்று ஒடியும்; டெர்மினலில் நாளடைவில் தளரும். மேலே வெள்ளை, சுரண்டினால் செம்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. பயப்பட வேண்டாம்.

ஒயரைவிட அதிகம் தொல்லை தருவது ஜம்பர் தகடுதான். நட்டு தளர்ந்தாலோ, கடலோர ஊர்களில் போல முலாம் கறுத்தாலோ, ஒரு பக்கத்தில் ட்ரெபிளைத் தரும் ட்வீட்டர் விட்டு விட்டுப் பாடும். ஆம்ப் போய்விட்டது என்று சர்வீஸுக்குத் தூக்குவதற்கு முன், நான்கு நட்டுகளையும் கழற்றித் துடைத்து இறுக்கிப் பாருங்கள். தகட்டுக்குப் பதில் அதே 2.5 ஒயரில் அரை அடித் துண்டு வெட்டிப் போட்டாலும் சரிதான். ஒயரை பாஸ் ஜோடியில் மாட்டுவதா, ட்ரெபிள் ஜோடியில் மாட்டுவதா என்ற விவாதத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை. தகடு சுத்தமாக இருந்தால் இரண்டும் ஒன்றே.

இரண்டு பக்கமும் ஒரே நீளம் வேண்டும் என்பதும் அப்படித்தான். ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 5 மீட்டர் என்றால் ஒலி தாமதமாக வராது. கூடுதல் தடை 0.03 ஓம்.

பை-வயரிங்

ஜம்பரைக் கழற்றிவிட்டு, ஆம்பின் ஒரே டெர்மினலிலிருந்து பாஸுக்கு ஒரு கேபிள், ட்ரெபிளுக்கு ஒரு கேபிள். இரண்டு கேபிளிலும் ஒரே மின்னழுத்தம்தான் இருக்கும். ஆனால் பாஸைத் தரும் வூஃபர் இழுக்கும் மின்னோட்டம் ஒன்றிலும் ட்வீட்டர் இழுப்பது மற்றொன்றிலும் போகும். இதனால் வூஃபரின் கனத்த மின்னோட்டம் ட்வீட்டரின் சிக்னலைக் கலங்கடிக்காது என்பது வாதம்.

வாதம் பொய்யில்லை. எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். வூஃபர் 2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 0.07 ஓம் ஒயரில் அது 0.14 வோல்ட்டை விழவைக்கும். இந்த வீழ்ச்சி வூஃபரின் சுத்தமான சிக்னலாகவே இருந்தால் ட்வீட்டருக்கு அதனால் கெடுதல் இல்லை. அந்த அதிர்வெண்ணை ட்வீட்டர் பக்கக் கிராஸ்ஓவர் வடிகட்டிவிடும். கெடுப்பது வூஃபர் மின்னோட்டத்தில் இருக்கும் சிதைவு மட்டுமே. அது 1 சதவீதம் என்றால் 1.4 மில்லிவோல்ட். ட்வீட்டரில் 1 வோல்ட் ஓடும்போது அதற்கு 57 டெசிபெல் கீழே. அதே வேளையில் வூஃபர் கூம்பு நேரடியாக அறைக்குள் கொட்டும் 1 சதவீதச் சிதைவோ 40 டெசிபெல் கீழேதான் இருக்கிறது. பெரிய சத்தத்துக்குள் சின்னச் சத்தம் மறைந்துவிடும். அந்த 1.4 மில்லிவோல்ட்டையும் குறைக்க வேண்டுமா? ஜம்பரைக் கழற்றாமல் இரண்டு கேபிளையும் சேர்த்தே மாட்டுங்கள். தடை பாதியாகும், வீழ்ச்சியும் பாதியாகும், பாஸுக்கும் முழுச் செம்பு கிடைக்கும்.

தயாரிப்பாளர்களே இதில் இரண்டு கட்சி. அமெரிக்காவின் வாண்டர்ஸ்டீன் பை-வயரிங்கை வலியுறுத்துகிறது. இரண்டு கேபிளும் ஒரே ரகமாக இருக்க வேண்டும் என்கிறது. டென்மார்க்கின் டைனாடியோ பெரும்பாலும் ஒரே ஜோடி டெர்மினலோடு நிறுத்திக்கொள்கிறது. கெஃப் எல்எஸ்50-இலும் ஒரு ஜோடிதான். எல்லாருமே நல்ல ஸ்பீக்கர் செய்கிறவர்கள். இந்த ஒயர் விஷயம் பெரிய வித்தியாசம் தரக்கூடியதாக இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஒரு கட்சி தோற்றிருக்கும்.

பை-வயரிங் செய்வதில் ஒரே ஆபத்து துருவம் மாறுவது. ட்ரெபிள் ஜோடியில் மட்டும் + − மாறிவிட்டால், கிராஸ்ஓவர் இருக்கும் 2–3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றையொன்று அழிக்கும். பாடகரின் குரல் பின்வாங்கினாற்போல் கேட்கும். எங்கே தப்பு என்று பிடிபடாது. ஜம்பரையும் கழற்ற மறந்து துருவத்தையும் மாற்றிவிட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட். ஆகவே நான்கு ஒயர் நுனியிலும் டேப் ஒட்டி எழுதிவிட்டு மாட்டுங்கள்.

கேபிள் ரகம் பற்றி ஒரு எச்சரிக்கை. சாதாரண இரட்டை ஒயரின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) மீட்டருக்கு 0.6 மைக்ரோஹென்றி அளவு. 5 மீட்டரில், 20 கிலோஹெர்ட்ஸில்கூட, 4 ஓம் சுமையில் அது எடுப்பது 0.04 டெசிபெல்தான். இந்த இல்லாத நோய்க்கு மருந்தாக விற்கும் நெருக்கமாகப் பின்னிய கேபிள்களில் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) ஏறிவிடுகிறது. அவுட்புட்டில் காயில் இல்லாத ஆம்புகள் அதைத் தாங்காமல் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் அலையத் தொடங்கி, பாட்டே இல்லாமல் சூடாகும். பிரிட்டனின் நேம் நிறுவனம் தன் ஆம்புகளுக்குத் தன் என்ஏசி ஏ5 கேபிளையே, அதுவும் பக்கத்துக்கு 3.5 மீட்டருக்குக் குறையாமல் போடச் சொல்வது இதனால்தான். அங்கே ஒயரின் இண்டக்டன்ஸும் சர்க்யூட்டின் ஒரு பாகம்.

பேசிவ் பை-ஆம்ப்

இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பாஸுக்கு ஒரு ஆம்ப், ட்ரெபிளுக்கு ஒரு ஆம்ப். பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் அப்படியே. 50 வாட் இரண்டு சேர்ந்தால் 100 வாட் என்று மனக்கணக்கு போடுவோம். அது தப்பு.

எளிமைக்கு 8 ஓம் எடுத்துக்கொள்வோம். பாஸ் சிக்னலின் உச்சம் 20 வோல்ட், அதன் மேல் சவாரி செய்யும் ட்ரெபிளின் உச்சமும் 20 வோல்ட். இரண்டும் சேரும் கணத்தில் ஆம்ப் 40 வோல்ட் தர வேண்டும். 8 ஓமில் 40 வோல்ட் உச்சம் என்பது 100 வாட் ஆம்ப். பேசிவ் பை-ஆம்பில் இரண்டு ஆம்புகளுக்கும் முழு சிக்னலும் போகிறது. பிரிப்பது அதற்குப் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர். எனவே ட்ரெபிள் ஆம்பும் அந்த 40 வோல்ட் உச்சத்தைத் தொட்டே ஆக வேண்டும். பாஸ் ஆம்பும் அப்படியே. 50 வாட் ஆம்பின் உச்சம் 28 வோல்ட்தான். ஒரு ஆம்பாக இருந்தபோது எங்கே கிளிப் ஆனதோ (மின்னழுத்த எல்லையைத் தொட்டு அலையின் உச்சி வெட்டுப்பட்டதோ), இரண்டாக ஆனபின்னும் அங்கேயே கிளிப் ஆகும்.

மிச்சமாவது மின்னோட்டம் மட்டும். பவர் சப்ளை சிறியதாக இருந்து, 4 ஓம் வூஃபர் இழுக்கும்போது மின்னழுத்தம் தொய்ந்துபோகும் ஆம்ப் என்றால், ட்ரெபிள் சுமையைப் பிரித்தெடுப்பதில் கொஞ்சம் பலன் உண்டு. பை-ஆம்ப் செய்தே தீருவேன் என்றால் ஒரே மாடல் ஸ்டீரியோ ஆம்ப் இரண்டு வாங்கி, இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலது ஸ்பீக்கருக்கு ஒன்று என்று வையுங்கள். ஒவ்வொரு ஆம்பிலும் ஒரு சேனல் பாஸுக்கு உழைக்கும், மறு சேனல் ட்ரெபிளுக்குச் சும்மா நடக்கும்; சப்ளை முழுவதும் உழைக்கிற சேனலுக்குக் கிடைக்கும். பாஸுக்கு டிரான்சிஸ்டர், ட்ரெபிளுக்கு வால்வ் என்று கலப்பவர்கள் முதலில் கெயினை, அதாவது ஆம்ப் சிக்னலை எவ்வளவு பெருக்குகிறது என்பதை, பார்க்க வேண்டும். பாஸ் ஆம்ப் 26 டெசிபெல், ட்ரெபிள் ஆம்ப் 29 என்றால் ட்வீட்டர் 3 டெசிபெல் கூடுதலாகக் கத்தும். கெயின் கன்ட்ரோல் இல்லாத ஆம்பில் இதைச் சரிசெய்ய எளிய வழியில்லை.

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் 'ஆம்ப் அசைன்' மெனுவிலும், யமஹாவில் 'பவர் ஆம்ப் அசைன்' மெனுவிலும் பை-ஆம்ப் வரும். சரவுண்ட் பேக் சேனல்கள் ட்ரெபிளுக்குத் திருப்பிவிடப்படும். ஏழு சேனலுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே என்பதால் புதிதாக எந்தச் சக்தியும் வருவதில்லை. சேனல் சும்மா கிடக்கிறது, ஒயரும் கையில் இருக்கிறது என்றால் செய்து பாருங்கள். இதற்காக 5 சேனலை விட்டு 7 சேனல் ரிசீவர் வாங்காதீர்கள்.

இனி மாட்டும்போது பார்க்க வேண்டியவை. பை-வயரிங்கில் ஜம்பரைக் கழற்ற மறந்தால், துருவம் சரியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. பை-ஆம்பில் மறந்தால் ஒரு ஆம்பின் அவுட்புட் இன்னொரு ஆம்பின் அவுட்புட்டோடு முட்டும். வால்யூமோ கெயினோ சிறிது வேறுபட்டாலும் ஒன்று மற்றதற்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். கழற்றியபின் ஒயர் மாட்டுமுன் மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து அளந்துவிடுங்கள். கீழ் ஜோடிக்குள் 8 ஓம் ஸ்பீக்கரில் 5 முதல் 7 ஓம், 4 ஓமில் 3-ஐ ஒட்டி வரும். அது வூஃபர் காயில். மேல் ஜோடிக்குள் அநேகமாக எதுவும் காட்டாது, ஏனென்றால் ட்வீட்டருக்குத் தொடராகக் கெப்பாசிட்டர் நிற்கிறது. பிறகு மேல் + கீழ் +, மேல் − கீழ் − இரண்டையும் சோதியுங்கள். தொடர்பு இருக்கவே கூடாது.

கடைசிச் சோதனையை யாரும் செய்வதில்லை. சில ஸ்பீக்கர்களில் இரண்டு − டெர்மினல்களும் உள்ளேயே இணைந்திருக்கும். பழைய பாணி ஆம்புக்கு அது பிரச்சினை இல்லை, − என்பது கிரவுண்ட். இன்று விற்கும் டிபிஏ3116, டிபிஏ3255 சிப் கிளாஸ்-டி ஆம்புகள் பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில், அதாவது + − இரண்டு முனையையும் எதிரெதிராக ஓட்டி, இயங்குபவை. அவற்றின் − முனையிலும் உயிருள்ள சிக்னல் உண்டு. இரண்டு சேனலின் −ஐ ஒன்றாக்கினால் சிப் உடனே பாதுகாப்புக்குப் போகும், இல்லையென்றால் புகையும். பொதுவான − கொண்ட ஸ்பீக்கர் செலக்டர் பெட்டியையும் இதே காரணத்துக்காக இவற்றோடு சேர்க்கக்கூடாது.

பிரிட்ஜ் செய்வது

இரண்டு ஸ்டீரியோ ஆம்ப் கையில் இருந்து, சத்தம்தான் பற்றவில்லை என்றால், பேசிவ் பை-ஆம்பைவிட இது நேர்மையான வழி. ஒவ்வொரு ஆம்பையும் மோனோவாக்கும்போது மின்னழுத்தம் இரட்டிப்பாகும். காகிதத்தில் நான்கு மடங்கு சக்தி. நடைமுறையில் சப்ளை விடுகிற அளவு. விலை என்னவென்றால், 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓமாகத் தெரியும். 4 ஓம் ஸ்பீக்கர் 2 ஓமாகிவிடும், அதை அநேக ஆம்புகள் தாங்கா. பின்பக்கம் பிரிட்ஜ் சுவிட்ச் இல்லாத ஆம்பில் இதை முயலவே வேண்டாம்.

ஆக்டிவ் பை-ஆம்ப்

கிராஸ்ஓவர் இப்போது ஆம்புக்கு முன்னால். ப்ரீஆம்பிலிருந்து வரும் சிக்னலை முதலில் பிரித்து, பாஸ் ஆம்புக்குப் பாஸ் மட்டும், ட்ரெபிள் ஆம்புக்கு ட்ரெபிள் மட்டும். மேலே சொன்ன 20 + 20 வோல்ட்டுக்குத் திரும்புங்கள். இப்போது எந்த ஆம்பும் 40 வோல்ட்டைப் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் 20 வோல்ட், அதாவது 25 வாட். இரண்டு 25 வாட் ஆம்புகள் ஒரு 100 வாட்டின் வேலையைச் செய்கின்றன. உண்மையான இசையில் ட்ரெபிள் பாஸை விடச் சிறியது என்பதால் முழு நான்கு மடங்கு கிடைக்காது. இருந்தாலும் பாஸ் ஆம்ப் கிளிப் ஆனாலும் அந்தச் சிதைவு ட்வீட்டருக்குப் போகாது என்பதே பெரிய லாபம்.

இதற்குச் சிக்னலை டிஜிட்டலாகப் பிரித்துத் திருத்தும் டிஎஸ்பி பெட்டி ஒன்று (மினிடிஎஸ்பி 2x4 ஹெச்டி போன்றது), நான்கு சேனல் ஆம்ப், அளவிடும் மைக், ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள் வேண்டும். ஃபில்டராக லிங்க்விட்ஸ்-ரைலி 24 டெசிபெல் சரிவில் தொடங்குவது வழக்கம். 1976-இல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் வெளியிட்ட முறை. கிராஸ்ஓவர் புள்ளியில் இரு பக்கமும் 6 டெசிபெல் கீழே இருந்து, சேரும்போது சமமாகும்.

பெட்டிக்குள் இருக்கும் பழைய கிராஸ்ஓவரைத் தூக்கி எறிவதற்கு முன் அது என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதிர்வெண்ணைப் பிரிப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டும். ட்வீட்டரின் சத்தத்தை வூஃபருக்கு ஏற்ப இறக்கியிருக்கும். பெட்டி முகப்பின் அகலத்தால் கீழ்ப் பகுதியில் குறையும் ஒலியை ஈடுகட்டியிருக்கும். உலோகக் கூம்பு என்றால் அது மணியடிக்கும் அதிர்வெண்ணை அமுக்கியிருக்கும். இவை அத்தனையையும் டிஎஸ்பியில் மறுபடி கட்ட வேண்டும். அளக்காமல் காதை வைத்துக் கட்டினால் தொழிற்சாலை ஒலியைவிட மோசமாகவே முடியும். கழற்றிய போர்டை பத்திரமாக வையுங்கள், திரும்ப மாட்ட வேண்டி வரலாம். வாரன்டி போய்விடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ட்வீட்டருக்கும் ஆம்புக்கும் இடையே இப்போது எதுவும் இல்லை. ஆம்ப் ஆன் ஆகும் 'தப்' சத்தமோ, டிஎஸ்பியில் தப்பான ப்ரீசெட்டோ, ட்வீட்டரை ஒரே நொடியில் எரித்துவிடும். தொடராக 33 மைக்ரோஃபாரட் பாலிப்ராப்பிலீன் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள். 8 ஓம் ட்வீட்டரில் அது 600 ஹெர்ட்ஸில் வெட்டும், 2.5 கிலோஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரிலிருந்து இரண்டு ஆக்டேவ் (நான்கில் ஒரு பங்கு அதிர்வெண்) தள்ளி இருப்பதால் ஒலியில் பெரிதாகத் தலையிடாது, நேர்மின்னோட்டத்தையும் மறிக்கும். + − குறியிட்ட எலெக்ட்ரோலிட்டிக்கை அந்த இடத்தில் போடக்கூடாது. ஆன் செய்யும்போது டிஎஸ்பி முதலில், ஆம்ப் கடைசியில். ஆஃப் செய்யும்போது தலைகீழ்.

முடித்துவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்தால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கலாம். பழைய கிராஸ்ஓவரின் ரெசிஸ்டர் ட்வீட்டரை இறக்கியபோது ஆம்பின் இரைச்சலையும் சேர்த்து இறக்கியிருந்தது. டிஎஸ்பியில் அளவைக் குறைத்தால் இது போகாது, இரைச்சல் அதற்குப் பின்னால் பிறக்கிறது. ட்ரெபிளுக்குக் கெயின் குறைந்த ஆம்ப் போடுங்கள், இல்லையேல் ட்வீட்டருக்கு முன் ரெசிஸ்டரைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவு வேலை வேண்டாம், பலன் மட்டும் வேண்டும் என்பவருக்கு ஆக்டிவ் ஸ்பீக்கரே நேர்வழி. யமஹா ஹெச்எஸ்5-இல் வூஃபருக்கு 45 வாட், ட்வீட்டருக்கு 25 வாட். ஜேபிஎல் 305பி-இல் 41 வாட் வீதம் இரண்டு. கெஃப் எல்எஸ்50 வயர்லெஸ் 2-இல் பக்கத்துக்கு 280 வாட்டும் 100 வாட்டும். எல்லாமே தொழிற்சாலையில் அளந்து கட்டியவை. ஸ்பீக்கர் ஒயர் என்ற கேள்வியே எழாது. பதிலுக்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பின்னால் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். ஹெச்எஸ்5, 305பி போன்றவற்றில் இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகி, ஆர்சிஏவுக்குப் பதில் எக்ஸ்எல்ஆர் அல்லது டிஆர்எஸ் பேலன்ஸ்டு கேபிளில் சிக்னல் கொடுத்தால், எர்த் லூப் 'உம்ம்' பெரும்பாலும் தலைகாட்டாது.